பெறாத பிள்ளைக்குப் பாலூட்ட எலக்ட்ரிக் பம்ப்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்தெடுக்கப் போகிறவர்கள், வாடகைத் தாய் மூலம் குழந்தை பெறுகிறவர்கள், எப்போதோ நின்றுபோன பாலைத் திரும்ப வரவழைக்க நினைப்பவர்கள் என்று மூன்று விதமான பெண்கள் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று பழைய வட ஆற்காட்டின் எல்லா மூலையிலும் இதே கேள்விகள்தான். எல்லோரும் "எந்த கம்பெனி பம்ப் நல்லது?" என்றே ஆரம்பிக்கிறார்கள். கம்பெனி பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

பிள்ளை பெறாதவளுக்குப் பால் வருமா? உண்மையிலேயே நடக்கிற காரியமா?

வரும். பால் சுரக்கச் சொல்வது புரோலாக்டின் என்ற ஹார்மோன். அது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது, கருப்பையிலிருந்து இல்லை. காம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டினால் புரோலாக்டின் ஏறும். சுரந்த பாலை வெளியே தள்ள ஆக்ஸிடாசின் என்ற இன்னொரு ஹார்மோன் உண்டு. இரண்டும் எல்லாப் பெண்களின் உடம்பிலும் இருப்பவைதான்.

ஆனால் கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் சேர்ந்து மார்பின் பால் சுரப்பிகளை மாதக் கணக்கில் வளர்த்துவைக்கின்றன. அந்த வளர்ச்சி கிடைக்காதவர்களுக்கு அளவு குறைவாகத்தான் வரும். குழந்தைக்குத் தேவையான முழுப் பாலையும் இப்படிக் கொடுப்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பங்கு தாய்ப்பால், மீதி வேறு பால் என்றுதான் அமைகிறது. முன்பு ஒருமுறை பாலூட்டியவர்களுக்குக் கொஞ்சம் சுலபம். பிரசவமானவர்களுக்கு முதல் நாட்களில் வரும் சீம்பால் இதில் பொதுவாக வராது, நேராகப் பால்தான் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு 600 மி.லி. எடுக்கப் போகிறோம் என்று நினைத்து பம்ப் வாங்கினால் முதல் மாதமே மனசு விட்டுப்போகும்.

மாத்திரை சாப்பிட்டால் போதாதா? பம்ப் எதற்கு?

பாலை எடுக்க எடுக்கத்தான் ஊறும். மாத்திரை அதற்கு ஒத்தாசை செய்யலாம், அவ்வளவுதான். கனடாவின் டாக்டர் ஜாக் நியூமனும் லெனோர் கோல்ட்ஃபார்பும் வகுத்த ஒரு முறை உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. சில மாதங்கள் கருத்தடை மாத்திரையும் டொம்பெரிடோனும் கொடுத்து, உடம்பைக் கர்ப்பம் மாதிரி நம்பவைத்து, குழந்தை வருவதற்குச் சுமார் 6 வாரம் முன்பு கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டு பம்ப் போடுவது. அந்த முறையிலும் கடைசியில் பாலை இறக்குவது பம்ப்தான்.

டொம்பெரிடோன் நம் ஊரில் வாந்திக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை. மெடிக்கலில் பெயரைச் சொன்னாலே கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தை அது குலைக்கும். நாள்கணக்கில் சாப்பிட்டுவிட்டு சட்டென்று நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு வந்தவர்கள் இருக்கிறார்கள். கருத்தடை மாத்திரையும் பி.பி. இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும், சிலவகை ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ஆபத்து. முதலில் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள், தேவைப்பட்டால் ஒரு இ.சி.ஜி. எடுக்கச் சொல்வார்கள். மாத்திரையே இல்லாமல் பம்ப் மட்டும் போட்டுப் பால் வரவழைத்தவர்களும் உண்டு.

தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டோம். இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் வரிசை வருடக்கணக்கில் நீளும். பம்ப் பெட்டியில் இருக்கும்போதே வாரண்டி கரைந்துகொண்டிருக்கும், சிலிக்கான் பாகங்களும் பழசாகும். அதைவிட முக்கியமாக, எப்போது குழந்தை வரும் என்று தெரியாமல் நாளுக்கு எட்டு முறை பம்ப் போடுவது யாராலும் முடிகிற காரியம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், வரிசை நீளமாக இருந்தாலும் முடிவு வேகமாக வந்துவிடும். குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அதன்பிறகு குழந்தை கைக்கு வரும்வரை இருப்பது சில வாரங்கள்தான். அதனால் இப்போது செய்யக்கூடியது, எந்த பம்ப், மார்பில் வைக்கும் புனல் எந்த அளவு, எங்கே கிடைக்கும் என்பதை முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவைப்பது. டாக்டரிடமும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் சொன்ன அன்றைக்கே ஆர்டர் போடுங்கள்.

வாடகைத் தாய் வழியில் போகிறவர்களுக்குப் பிரசவ தேதி தெரியும். அவர்கள் வாடகைத் தாய்க்கு 7ஆம் மாதம் தொடங்கியதும் பம்பைக் கையில் வைத்திருப்பது நல்லது. குழந்தை குறைமாதத்திலும் வரலாம்.

கை பம்ப், ஒற்றை பம்ப், இரட்டை பம்ப், உடைக்குள் வைக்கிற பம்ப்... எது வாங்குவது?

இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் இழுக்கும் இரட்டை எலக்ட்ரிக் பம்ப். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 8 முறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிஷம். ஒற்றை பம்பில் இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20 என்றால் நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இரட்டையில் அது பாதியாகும். இரண்டு பக்கமும் சேர்ந்து தூண்டப்படும்போது புரோலாக்டினும் நன்றாக ஏறுகிறது.

கை பம்ப் மோசமானது இல்லை. ஏற்கெனவே பால் தாராளமாக வருகிறவள் கல்யாணத்துக்குப் போன இடத்தில் பால் கட்டிக்கொண்டால் அதை வைத்துச் சமாளிப்பாள். வறண்ட மார்பிலிருந்து பாலை வரவழைக்க நாளெல்லாம் அதை அமுக்கினால் மணிக்கட்டு போய்விடும், பால் வராது.

உடைக்குள் வைத்துக்கொண்டு நடமாடும் சின்ன பம்ப்களைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வருகிறது. வயர் இல்லை, டியூப் இல்லை, சமையலும் செய்யலாம். ஆனால் அவை பால் ஓட்டம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வசதி. புதிதாகச் சுரக்க வைக்கும் வேலையை அவற்றை மட்டும் நம்பி ஒப்படைக்காதீர்கள். பிடிமானம் நழுவும், காம்பு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் கஷ்டம். பணம் இருந்தால் இரண்டாவது பம்பாக வாங்கலாம்.

பெட்டியில் "ஹாஸ்பிடல் கிரேடு" என்று போட்டிருக்கிறதே, அதுதானே உசத்தி?

அந்த வார்த்தைக்குச் சட்டப்படியான தர அளவு எதுவும் கிடையாது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வே அதை ஒரு தரமாக ஏற்கவில்லை. யார் வேண்டுமானாலும் அட்டைப் பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம், மூவாயிரம் ரூபாய் பம்பிலும் அது இருக்கும்.

பச்சிளம் குழந்தைப் பிரிவில் நாள் முழுக்கப் பலருக்கும் ஓடுகிற பம்ப் வேறு ரகம். மெடெலா சிம்ஃபனி அந்த வகை. ஒவ்வொரு தாய்க்கும் தனி புனல், தனி டியூப், மோட்டார் மட்டும் பொது. நம் வேலைக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் சொந்தமாக வாங்க லட்சத்தைத் தாண்டும். சென்னை, பெங்களூர் மாதிரி நகரங்களில் இதை மாத வாடகைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தானே, அங்கே சொந்தக்காரர் யாராவது இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் வாடகை பம்ப், அப்புறம் சொந்த பம்ப் என்று போவது நல்ல ஏற்பாடு. வாடகை சரிப்படாவிட்டால் ஸ்பெக்ட்ரா எஸ்1, எஸ்2 மாதிரியான, வீட்டு உபயோகத்துக்கென்று வரும் நல்ல மோட்டார் உள்ள இரட்டை பம்ப் போதும்.

ஒன்று 250 எம்எம்எச்ஜி, இன்னொன்று 320 என்கிறது. அதிகம் இழுப்பதுதானே நல்லது?

இல்லை. எம்எம்எச்ஜி என்பது இழுவையின் அளவு. நல்ல பம்ப்கள் 250, 270 பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. அந்த உச்சம்கூடப் பலருக்குத் தேவைப்படாது. அதற்கு மேல் உள்ள எண் விளம்பரத்துக்குத்தான். வலி வந்தால் ஆக்ஸிடாசின் அடங்கிவிடும், பால் இறங்காது. வலிக்கிற அளவுக்கு ஒரு புள்ளி கீழே, அதுதான் உங்கள் அளவு.

இழுவையைவிட வேகம் முக்கியம். குழந்தை முதலில் படபடவென்று சின்னச் சின்னதாகச் சப்பும். பால் இறங்கியதும் நிதானமாக, ஆழமாக இழுக்கும். நல்ல பம்பில் இந்த இரண்டும் தனித்தனியாக இருக்கும். சிம்ஃபனியை எடுத்துக்கொண்டால் முதல் கட்டத்தில் நிமிஷத்துக்கு 120 தடவை, அடுத்த கட்டத்தில் 54 முதல் 78 தடவை. நீங்கள் பார்க்கும் பம்பில் வேகத்தையும் இழுவையையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். ஒரே பட்டனில் இரண்டும் சேர்ந்து ஏறினால் அதை விட்டுவிடுங்கள்.

குளோஸ்டு சிஸ்டம் அவசியமா?

அவசியம். பாலும் ஈரமும் டியூபைத் தாண்டி மோட்டாருக்குப் போகாதபடி நடுவில் ஒரு ரப்பர் தடுப்பு இருந்தால் அது குளோஸ்டு. தடுப்பு இல்லாத பம்பில் டியூபைத் தாண்டி மோட்டாருக்குள் பூஞ்சை பிடித்தால் கண்டுபிடிக்கக்கூட முடியாது.

புனல் அளவு என்று சொல்கிறார்களே, அது என்ன? கூட வருவதையே போட்டுக்கொள்ளக் கூடாதா?

பம்பில் கொட்டும் பணத்தில் பாதி இந்த ஒரு பாகத்தால் வீணாகிறது. மார்பில் வைக்கும் புனலின் நடுக்குழாய் எத்தனை மி.மீ. அகலம் என்பதுதான் அளவு. பெட்டியில் வழக்கமாக 24, சிலவற்றில் 28 சேர்த்து வரும். நிறையப் பெண்களுக்கு 24 பெரியது. 17, 19, 21 தேவைப்படுகிறவர்கள் ஏராளம்.

அளப்பது ஒன்றும் கஷ்டமில்லை. குளிப்பதற்கு முன்னால், பம்ப் போடாத நேரத்தில், டெய்லர் டேப்பையோ பள்ளிக்கூட ஸ்கேலையோ காம்பின் அடிப்பகுதிக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். கருவட்டத்தைச் சேர்க்க வேண்டாம், காம்பு மட்டும். வரும் எண்ணோடு அதிகபட்சம் 2, 3 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், பலருக்கு ஒரு பக்கம் வேறாக இருக்கும். இடதுக்கு 19, வலதுக்கு 21 என்று வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஓடவிட்டுப் பாருங்கள். காம்பு நடுக்குழாயில் தடையில்லாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரியது. காம்பின் பக்கங்கள் குழாயில் உரசி, எடுத்த பிறகு நுனி வெளுத்து நின்றால் சிறியது. நமக்கு ஆரம்பத்தில் ஒரு சொட்டுப் பாலும் இருக்காது, காய்ந்த பிளாஸ்டிக் காய்ந்த தோலில் உரசும். அதனால் புனலின் உள் விளிம்பில் விரல் நுனியால் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சிலிக்கான் பாகங்களில் எண்ணெய் தங்காதபடி பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

கரண்ட் போனால்?

மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலைவரை வராத ஊர் நம்முடையது. கோடையில் சொல்லாமலும் போகும். பேட்டரி உள்ளே இருக்கும் பம்ப் வாங்கினால் நிம்மதி. ஸ்பெக்ட்ராவில் எஸ்1க்கு பேட்டரி உண்டு, எஸ்2 பிளக்கில் மட்டும்தான் ஓடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எஸ்2வே போதும், அந்த வித்தியாசப் பணத்தில் இரண்டு செட் புனல் வாங்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி வாங்கி அனுப்புகிறான் என்றால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 110 மட்டும் என்றால் இங்கே செருகிய நிமிஷமே அடாப்டர் போய்விடும்.

தண்ணீர் உப்பாக இருக்கிறது. பம்ப் கெட்டுவிடுமா?

மோட்டார் கெடாது, வால்வு கெடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் பரவாயில்லை. போர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் சிலிக்கான் வால்வின் மேல் வெள்ளையாக ஒரு படலம் ஏறும். வாத்து அலகு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன வால்வின் வாய் சரியாக மூடாவிட்டால் இழுவை பாதியாகக் குறைந்துவிடும். "மோட்டார் போச்சு" என்று வரும் புகார்களில் நிறையவற்றுக்கு இதுதான் காரணம், புதிய வால்வு மாட்டினால் சரியாகிவிடும். நாளுக்கு எட்டு முறை ஓட்டுகிறவர்கள் வால்வை மாதம் ஒரு தடவை மாற்றுவது நல்லது.

கொதிக்கவைக்க ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும், 5 நிமிஷம். படலம் பிடித்துவிட்டால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். பம்ப் பாகங்களுக்குத் தனி டப்பா, தனி பிரஷ் வையுங்கள். மீன் கழுவிய சிங்க்கில் போடாதீர்கள். காற்றில் உலரவிடுங்கள், துணியால் துடைக்க வேண்டாம். டியூபைக் கொதிக்கவைக்கக் கூடாது.

வேலூரில் எங்கே கிடைக்கும்?

சி.எம்.சி.க்கு எதிரே இடா ஸ்கடர் சாலையில் வரிசையாக இருக்கும் மருந்துக் கடைகளில் முதலில் பாருங்கள். கை பம்பும் ஒற்றை பம்பும் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும், நல்ல இரட்டை பம்புக்கு ஆன்லைன்தான் வழியாக இருக்கும். எங்கே வாங்கினாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதுக்கு வால்வும் 19 சைஸ் புனலும் தனியா கிடைக்குமா?" விற்பவர் முழித்தால் அந்த பம்ப் வேண்டாம். பாகம் கிடைக்காத பம்ப் இரண்டாவது மாதமே பரணுக்குப் போய்விடும். பில்லை வாங்கி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோவும் எடுங்கள், சுகாதாரப் பொருள் என்று சொல்லித் திரும்ப எடுக்க மறுக்கும் விற்பனையாளர்கள் உண்டு.

கூட்டுக் குடும்பம். மாமியாருக்குத் தெரியாமல் செய்ய முடியுமா?

ஒரு வாரம் முடியும், அதற்கு மேல் முடியாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைச் சாத்தினால் யாருக்கும் சந்தேகம் வரும். "பிள்ளையே இன்னும் வரல, அதுக்குள்ள என்னம்மா மிஷினு?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். "அத்தை, பசும்பாலும் பவுடர் பாலும் மட்டும் வேணாம்னு பாக்கறேன், டாக்டர் சொல்லித்தான் செய்யறேன்" என்று ஒருமுறை நேராகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவராவது தெரிந்து உதவினால்தான் இது நடக்கும். கணவர் பாகங்களைக் கழுவி வைத்தாலே பெரிய பாரம் குறையும்.

ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டிதான் இதற்கு வசதியான உடை. பழைய ஸ்போர்ட்ஸ் பிராவில் காம்பு வரும் இடத்தில் சின்னதாக வெட்டி, அதில் புனலைச் செருகினால் கை இரண்டும் சும்மா இருக்கும். அந்தக் கையால் மார்பை மெதுவாக அழுத்திவிடுங்கள். பம்ப் மட்டும் இழுப்பதைவிட கையும் சேர்ந்தால் அதிகம் வரும்.

ராத்திரி ஒரு முறையாவது எழுந்திருக்க வேண்டும். புரோலாக்டின் ராத்திரியில்தான் கூடுதல். சத்தம் கவலையாக இருந்தால், பம்பை மேஜை மேல் வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். பாதிச் சத்தம் மேஜை அதிர்வதுதான்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. ஷிப்டில் எப்படி?

பிரசவித்து வேலைக்குத் திரும்பும் தாய்க்குக் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. குழந்தை வருவதற்கு முன்னால் நீங்கள் போடும் பம்புக்கு அது பொருந்தாது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, டீ நேரத்தில் பத்து நிமிஷம் ஒன்று என்று வைத்துக்கொண்டு, மீதியை வீட்டில் நெருக்கமாகப் போடுங்கள். சரியாக மூன்று மணி நேர இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, நாளின் மொத்த எண்ணிக்கைதான் கணக்கு. உடைக்குள் வைக்கும் பம்ப் உதவுகிற இடம் இதுதான். வழியில் என்றால், 2015இலிருந்து தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். பால் கொடுத்தால் உறவு ஏற்படும் என்கிறார்களே, பம்பில் எடுத்துக் கொடுத்தாலும் சரியா?

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்து அதிகம் வரும் கேள்வி. வளர்ப்புப் பிள்ளை பெரியவனானதும் வளர்த்த தாய் பர்தா முறை பார்க்க வேண்டி வரும். இரண்டு வயதுக்குள் பாலூட்டினால் அவன் பால்குடிப் பிள்ளை, அந்தத் தடை இல்லை. எத்தனை முறை ஊட்ட வேண்டும் என்பதில் மத்ஹபுக்கு மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவுக்குப் பிரிவு, வேறுபடும். ஷாஃபியில் ஐந்து முறை, ஹனஃபியில் ஒருமுறையே போதும் என்பார்கள். எடுத்த பாலைக் கிண்ணத்தில் கொடுத்தாலும் உறவு உண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. உங்கள் ஆலிமிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சேர்த்துச் சொல்வது ஒன்றுதான்: இந்த நோக்கத்துக்கு அளவு பெரிதாக வேண்டியதில்லை, அதனால் குறைவாக வருகிறதே என்று கலங்க வேண்டாம். குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் அத்தனை முறையும் ஊட்டி முடிப்பதுதான் முக்கியம்.

மூன்று வாரமாகப் போடுகிறேன். ஒன்றும் வரவில்லை.

இரண்டு வாரத்தில் சொட்டுப் பார்த்தவர்களும் உண்டு, ஆறு வாரம் ஆனவர்களும் உண்டு. முதலில் பாட்டிலில் எதுவும் விழாது. புனலின் உள்பக்கம் பனி படிந்தமாதிரி ஈரம் தெரியும், காம்பு நுனியில் நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ ஒரு புள்ளி நிற்கும். அதைப் பார்த்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே மார்பு கொஞ்சம் கனக்கும், பிரா இறுக்கமாகத் தெரியும்.

ஒன்றுமே மாறவில்லையென்றால் புனல் அளவையும் வால்வையும் பாருங்கள், அப்புறம் நாளுக்கு உண்மையில் எத்தனை முறை போடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாளில் ஒரு வேளையை மட்டும் 20 நிமிஷம் போட்டு, 10 நிமிஷம் ஓய்வு, 10 போட்டு, 10 ஓய்வு, மறுபடி 10 என்று ஒரு மணி நேரமாக நீட்டிப் பார்க்கலாம். தைராய்டு, பி.சி.ஓ.எஸ்., முன்பு மார்பில் அறுவைச் சிகிச்சை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி., சிகிச்சையில் இருக்கும் புற்றுநோய் போன்றவை இருந்தால் ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

பூண்டு, பால் சுறா, தண்ணீர்விட்டான் கிழங்கு?

பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடுதானே. ஆனால் பம்ப் போடாமல் அவை மட்டும் பால் கொண்டுவராது. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, வெந்தய மாத்திரை என்று மருந்து அளவுக்குப் போனால், டாக்டர் கொடுக்கும் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் வெந்தயத்தில் கவனம்.

எடுத்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் என்பது பொது அளவு. மே மாதம் 40ஐத் தாண்டும் வேலூரில் அந்த 4 மணி நேரத்தை மறந்துவிடுங்கள். எடுத்ததும் ஃப்ரிட்ஜின் உள்பக்கம், கதவில் இல்லை. முதலில் வரும் 5, 10 மி.லி.யையும் கொட்டாமல் தேதி எழுதி உறையவையுங்கள். உருக்கிய பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறையவைக்கக் கூடாது.

குழந்தை வந்துவிட்டது. இனி பம்பா, மார்பா?

இரண்டும். குழந்தை வாய் வைக்கச் சம்மதித்தால் அதைவிட நல்ல பம்ப் இல்லை. இல்லத்திலிருந்து வரும் குழந்தை பாட்டிலுக்குப் பழகி, சில மாதம் வளர்ந்தும் இருக்கலாம். மார்பில் வைத்தால் அழும். அவசரப்படாமல் சட்டையில்லாமல் நெஞ்சோடு போட்டுக்கொள்ளுங்கள், தூக்கக் கலக்கத்தில் முயலுங்கள். மெல்லிய ஃபீடிங் டியூபின் ஒரு முனையைக் காம்பருகே ஒட்டி, மறுமுனையைப் பால் கிண்ணத்தில் விட்டால் குழந்தை மார்பைச் சப்பும்போதே மீதிப் பாலும் வாய்க்கு வரும். குழந்தைக்கு ஏமாற்றம் இல்லை, உங்கள் மார்புக்கும் தூண்டுதல் கிடைக்கும். டியூப் வைப்பதை ஒருமுறை நர்ஸிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டிலுக்குப் பதில் பாட்டி வைத்திருந்த பாலாடைச் சங்கையும் பயன்படுத்தலாம், கொதிக்கவைத்துவிட்டு.

கூடக் கொடுக்கும் பாலை நீங்களாகக் குறைக்காதீர்கள். நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்துக் குழந்தை டாக்டர் சொன்ன பிறகு குறைக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் பம்ப் வாங்கலாமா? என்னுடையதை முடிந்ததும் யாருக்காவது கொடுக்கலாமா?

பலருக்கென்றே செய்த மருத்துவமனை ரகமாக இருந்தால் வாங்கலாம், புனல், டியூப், வால்வு எல்லாம் புதிதாக. வீட்டு உபயோக பம்ப் ஒருவருக்கானது என்றுதான் செய்கிறவர்களே சொல்கிறார்கள். குளோஸ்டாக இருந்தாலும் மோட்டார் எவ்வளவு ஓடித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத் தெரியாது, நமக்குத் தேவையோ முழு பலமுள்ள மோட்டார்.

நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். சில நாளைக்கு ஒரு வேளையாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் பாலானாலும் கட்டிக்கொண்டு வலிக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அப்புறம் புனல், வால்வு, டியூபைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பேட்டரி உள்ள மோட்டாரைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.